டைரக்ட் டெபிட் 128 பவுண்டிலிருந்து 214-க்கு ஏறுகிறது: வேரியபிளுக்கு மாறிவிடலாமா?

ஹேரோ குடும்பஸ்தன் · இரவு 8:55

எல்லோருக்கும் வணக்கம். போன அக்டோபரில்தான் லண்டன் ஹேரோவில் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். மூன்று படுக்கையறை, வரிசை வீடு, நாங்கள் நான்கு பேர். கேஸ், கரண்ட் இரண்டும் ஒரே கம்பெனி. சேரும்போது மாதம் 128 பவுண்ட் என்றார்கள், சரி என்று டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ளும் முறை) போட்டுவிட்டேன். நேற்று ஒரு மெயில் வந்தது. கணக்கில் 241 பவுண்ட் பாக்கி நிற்கிறதாம், மார்ச்சிலிருந்து மாதம் 214 பவுண்ட் எடுப்பார்களாம்.

மனைவி "எவ்வளவு ஓடுதோ அவ்வளவு மட்டும் கட்டுற மாதிரி மாத்திடுங்க" என்கிறாள். ஆபீஸில் ஒருவர் "வேரியபிள் பக்கமே போகாதே, விலை ஏறினால் மாட்டிக்கொள்வாய்" என்கிறார். இப்போது நான் ஃபிக்ஸ்டில் இருக்கிறேனா வேரியபிளில் இருக்கிறேனா என்பதே குழப்பமாகிவிட்டது. ஊரில் இ.பி.காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார், வந்த தொகையைக் கட்டினால் முடிந்தது. இங்கே எரிக்காத கேஸுக்கு முன்பணம் வாங்குகிறார்களா, எரித்ததற்குக் கடன் தருகிறார்களா, ஒன்றும் பிடிபடவில்லை. நர்சரி ஃபீஸ் வேறு ஏறுகிறது. மாதம் கூட 86 பவுண்டுக்கு எங்கே போவது என்று நேற்று இரவெல்லாம் தூக்கமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இல்ஃபோர்ட் கணக்கர் · இரவு 9:40

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம் தம்பி. ஆபீஸ் நண்பர் பேசுவது டாரிஃப் பற்றி. உங்கள் வீட்டில் பேசுவது பணம் கட்டும் முறை பற்றி. இரண்டுக்கும் ஒரே பெயர்களை வைத்துவிட்டதால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் தடுமாறுகிறார்கள்.

டாரிஃப் என்பது யூனிட் என்ன விலை என்பது. ஃபிக்ஸ்ட் டாரிஃப் எடுத்தால் ஒப்பந்தக் காலம் முடியும்வரை யூனிட் விலை மாறாது. நடுவில் விலகினால் பெரும்பாலும் கட்டணம் உண்டு, கடைசி 49 நாட்களில் மட்டும் கிடையாது. வேரியபிள் டாரிஃபுக்கு, கேஸ், கரண்ட் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஜெமின் பிரைஸ் கேப் (விலை உச்சவரம்பு) பொருந்தும், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை மாறும். கேப் என்பது யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் (எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் ஏறும் கட்டணம்) வரம்பு. பில்லின் மொத்தத்துக்கு வரம்பு எதுவும் இல்லை, அதிகம் எரித்தால் அதிகம் வரும்.

ஃபிக்ஸ்ட் டைரக்ட் டெபிட் வேறு விஷயம். வருடம் முழுக்க ஆகும் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் ஒரே தொகை எடுப்பார்கள். வேரியபிள் டைரக்ட் டெபிட் என்றால் பில் எவ்வளவோ அதை அப்படியே எடுப்பார்கள். யூனிட் விலை இரண்டிலும் ஒன்றாக இருந்தால் வருடக் கடைசியில் நீங்கள் கட்டியது ஒரே தொகைதான். எது மலிவு என்று கேட்பதில் பயனில்லை. குளிர்காலச் சுமையை எப்போது தூக்குவது என்பதுதான் கேள்வி.

உங்கள் 214-க்கு வருவோம். 12 மாதத்துக்கு 2,568. அதில் பாக்கி 241-ஐக் கழித்தால் 2,327. அதாவது உங்கள் வீடு வருடத்துக்கு 2,327 பவுண்டுக்கு எரிக்கும் என்று கம்பெனி கணக்குப் போட்டிருக்கிறது. 2025-இல் ஆஃப்ஜெம் ஒரு நடுத்தர வீட்டுக்கு எடுத்துக்கொண்ட அளவு கேஸ் 11,500 யூனிட், கரண்ட் 2,700 யூனிட். 2025 அக்டோபர் கேப்பில் சராசரியாகக் கரண்ட் யூனிட் 26.35 பென்ஸ், கேஸ் யூனிட் 6.29 பென்ஸ், இரண்டு ஸ்டாண்டிங் சார்ஜும் சேர்த்து நாளுக்குச் சுமார் 88 பென்ஸ். பெருக்கிக் கூட்டினால் 1,755. உங்களுக்குப் போட்ட கணக்கு அதைவிட 572 பவுண்ட் கூடுதல். ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

என் வீடு ஏறக்குறைய அந்த 1,755 வீடுதான், பில்களை எக்செலில் போட்டு வைத்திருக்கிறேன். ஜனவரியில் 227, பிப்ரவரியில் 200, ஏப்ரலில் 145, ஜூலையில் 89, அக்டோபரில் 130, டிசம்பரில் 215. இதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் 146. இதில் கவனிக்க வேண்டியது, எந்த மாதம் தொடங்குகிறோம் என்பது. மே மாதம் பூஜ்யத்தில் தொடங்கி 146 கட்டினால் அக்டோபர் முடிவில் 268 பவுண்ட் நம் பெயரில் வரவில் நிற்கும், அது குளிரில் கரைந்து மார்ச்சில் பூஜ்யத்தைத் தொடும். அதே 146-ஐ அக்டோபரில் தொடங்கினால் ஜனவரி முடிவில் 163 பாக்கி, மார்ச் முடிவில் 256 பாக்கி. யாரும் தப்புச் செய்யவில்லை, கோடையில் தானாகச் சரியாகிவிடும். நீங்கள் வந்தது அக்டோபரில். உங்கள் 241-இல் பெரும்பகுதி வெறும் குளிர்காலம். இன்னொரு 72 பவுண்ட், 128 என்று குறைத்து வைத்ததால் வந்தது. அந்த மெயிலைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஒரு கேள்வி: கடைசி இரண்டு பில்களில் ரீடிங் உண்மையானதா, மதிப்பீடா?

ரெட்டை ஷிஃப்ட் · இரவு 10:15

நான் கேர் ஹோமில் ஏஜென்சி வேலை பார்க்கிறேன் அண்ணா. வாரச் சம்பளம், ஒரு வாரம் ஐந்து ஷிஃப்ட், ஒரு வாரம் இரண்டு. போன வருடம் வேரியபிளுக்கு மாறினேன். ஜூனில் 70 பவுண்ட் எடுத்தபோது ரொம்ப நல்ல முடிவு என்று நினைத்தேன். ஜனவரியில் மகளுக்கு நெஞ்சுச் சளி, ஹீட்டிங்கை நாள் முழுக்கப் போட வேண்டியிருந்தது, ஷிஃப்டும் போக முடியவில்லை. அந்த மாதம் 238 பவுண்ட். வாடகை போன மூன்றாம் நாளே அதையும் எடுத்துவிட்டார்கள். அக்காவிடம் கடன் வாங்கித்தான் அந்த வாரம் கடைக்குப் போனேன். செலவு கூடும் மாதமும் வேலை குறையும் மாதமும் ஒன்றாக வந்தால் வேரியபிள் தாங்காது. பிப்ரவரியிலேயே ஃபிக்ஸ்டுக்குத் திரும்பிவிட்டேன்.

லெஸ்டர் அக்கா · காலை 7:20

நான் இதில் மறுபக்கம். ஆறு வருடமாக வேரியபிள் டைரக்ட் டெபிட்தான், திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

முதலில் நானும் ஃபிக்ஸ்டில் இருந்தேன். கோடை முழுக்கக் காசு சேர்ந்து 480 பவுண்ட்ஸ் வரவில் நின்றது. அந்த நேரம் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது, அந்தக் காசு எங்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. கம்பெனியோடு மூன்று முறை கதைத்தேன். ஒவ்வொரு முறையும் "குளிருக்கு வைத்திருங்கள்" என்று அறிவுரை சொன்னார்களே தவிர தரவில்லை. நாலாவது முறை எழுத்தில் முறைப்பாடு கொடுத்த பிறகுதான் வந்தது. என்னுடைய காசு, எனக்கு எப்போது தேவை என்பதை இன்னொருவர் தீர்மானிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைக்கே மாறினேன்.

2022 ஏப்ரலில் கேப், நடுத்தர வீட்டின் வருடக் கணக்கில், 1,277 பவுண்ட்ஸிலிருந்து 1,971-க்குப் போனது, 54 வீத ஏற்றம். ஆனால் அந்த ஏற்றத்துக்கும் மேலாக நிறைய வீடுகளுக்கு மாதத் தொகையைக் கூட்டினார்கள். ஆஃப்ஜெம் பிறகு ஆராய்ந்தபோது ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் டைரக்ட் டெபிட் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. என் தோழி ஒருத்தி அப்போது அழுதுகொண்டே போன் எடுத்தாள். நான் அந்த மாதம் ஓடிய யூனிட்டுக்கு மட்டும் கட்டினேன்.

இன்னொன்று, மாதாமாதம் உண்மையான தொகையைப் பார்த்தால்தான் எங்கே ஓடுகிறது என்று தெரியும். பிள்ளைகளின் உடுப்பு காயவைக்கும் டிரையரை நாங்கள் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்தது அப்படித்தான்.

ஆனால் ஒழுங்கு வேண்டும். வங்கி ஆப்பில் தனியாக ஒரு பெட்டி வைத்து, சம்பளம் வந்த அன்றே 150 போட்டுவிடுவேன். பில்லை அதிலிருந்து எடுக்க விடுவேன். கோடை மிச்சம் அங்கேயே நிற்கும்.

இல்ஃபோர்ட் கணக்கர் · காலை 8:05

அக்கா சொன்ன ஒழுங்கு இருந்தால் சரிதான். அது ஃபிக்ஸ்ட் டைரக்ட் டெபிட்டையே நம் கைக்குள் வைத்துக்கொள்வது. வட்டி நஷ்டம் என்று சிலர் சொல்வார்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம். என் கணக்கில் வருடச் சராசரி வரவு 127 பவுண்ட், 4 சதவீத வட்டி என்றால் ஐந்து பவுண்ட். இங்கே கேள்வி வட்டியைப் பற்றியது அல்ல, காசு யார் கையில் இருக்கிறது என்பதே.

ஹேரோ குடும்பஸ்தன் · காலை 8:30

இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் இருக்கிறது. பில்லை எடுத்துப் பார்த்தேன். கரண்ட் ரீடிங் ஸ்மார்ட் மீட்டரிலிருந்து வந்திருக்கிறது. கேஸ் மட்டும் டிசம்பர், ஜனவரி இரண்டிலும் "மதிப்பீடு" என்று இருக்கிறது. ஒரே வீட்டில் ஒன்று வந்து இன்னொன்று வராமல் இருக்குமா? 214-ஐ நான் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? பேங்கில் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டுப் பேசலாமா?

ஹெட்செட் · காலை 11:10

பேங்கில் நிறுத்தாதீர்கள். தயவுசெய்து.

நான் நான்கு வருடம் ஒரு எனர்ஜி கம்பெனியின் கால் சென்டரில் இருந்தவன். நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் நிறுத்தினால் பில் வந்தபின் கட்டுபவர் என்ற வகைக்கு உங்களை மாற்றிவிடலாம். அதற்கான கேப்பே தனி, நடுத்தர வீட்டுக்கு வருடத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் கூடுதலாக வரும். பாக்கியும் அப்படியே நிற்கும். முதலில் பேசுங்கள்.

கேஸ் மட்டும் வராமல் இருப்பது சகஜம். கேஸ் மீட்டர் பேட்டரியில் ஓடுகிறது, கரண்ட் மீட்டரோடு இருக்கும் கருவி வழியாகத்தான் அதன் ரீடிங் வெளியே போகும். இடையில் சுவரோ தூரமோ இருந்தால் தொடர்பு அறும். ரீடிங் வராவிட்டால் சிஸ்டம் ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும். நீங்கள் புதிதாக வந்தவர் என்பதால், முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் எவ்வளவு எரித்தார்களோ அதை வைத்தே உங்கள் வருடக் கணக்கும் போடப்பட்டிருக்கலாம். அவர்கள் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்களாக இருந்தால்? 2,327 அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

இன்றே கேஸ் மீட்டருக்குப் போய் ஒரு போட்டோ எடுங்கள். கறுப்பு எண்கள் மட்டும் வேண்டும், சிவப்பில் இருப்பதோ புள்ளிக்குப் பிறகு வருவதோ வேண்டாம். மீட்டரில் கன மீட்டரா, கன அடியா என்றும் பாருங்கள். பழைய கன அடி மீட்டரைக் கன மீட்டர் என்று பதிந்து வைத்த கணக்குகளை என் கையால் திருத்தியிருக்கிறேன், ஒன்றுக்கொன்று 2.83 மடங்கு வித்தியாசம். பிறகு யூனிட்டுக்கு மாற்ற, கன மீட்டரை 1.02264-ஆல் பெருக்கி, பில்லில் போட்டிருக்கும் கலோரி மதிப்பால் பெருக்கி (39-க்குப் பக்கத்தில் இருக்கும்), 3.6-ஆல் வகுக்க வேண்டும். தோராயக் கணக்காக ஒரு கன மீட்டர் என்றால் 11 யூனிட் சொச்சம்.

பேசும்போது "அதிகமாக இருக்கிறது, குறையுங்கள்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்பவர்கள் நாளைக்கு ஐம்பது பேர், எதிரில் இருப்பவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த அழைப்புக்குப் போவார். "என் வருடப் பயன்பாடு எத்தனை யூனிட் என்று வைத்திருக்கிறீர்கள், எந்த ரீடிங்கின் அடிப்படையில்?" என்று கேளுங்கள். மாதத் தொகையைத் தன்னிடமுள்ள சிறந்த, அண்மையான தகவலை வைத்துத்தான் போட வேண்டும், போட்ட விதத்தைப் புரியும்படி விளக்கவும் வேண்டும் என்பது அவர்களின் உரிமத்திலேயே இருக்கும் நிபந்தனை. அந்தக் கேள்வி வந்துவிட்டால் நாங்கள் கணக்கைத் திறந்துதான் ஆக வேண்டும். வரவில் நிற்கும் பணத்தைக் கேட்டால், நியாயமான காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது என்பதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. லெஸ்டர் அக்காவுக்கு அன்று தாமதித்தது தவறு.

ஒத்துவராவிட்டால் முறைப்படி புகார். எட்டு வாரத்தில் தீராவிட்டால் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் (கம்பெனி சாராத குறைதீர்ப்பு அமைப்பு) போகலாம், இலவசம். கம்பெனியின் தவறால் பில் போடாமல் விட்டிருந்தால் 12 மாதத்துக்கு முந்தைய யூனிட்டுக்குப் பணம் கேட்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேரியபிளுக்கு மாறுவதாக இருந்தால் "யூனிட் விலை இதே டைரக்ட் டெபிட் விலைதானே" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் மீட்டர் ரீடிங் அனுப்பாதவரை மாறவே மாறாதீர்கள். வேரியபிளில் மதிப்பீட்டு பில் வந்தால், எரிக்காத கேஸுக்கு அப்படியே முழுத்தொகை போய்விடும்.

அப்பா மகள் · மதியம் 1:45

எல்லோரும் கணக்குச் சொல்லிவிட்டீர்கள். நான் என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

74 வயது, கோவென்ட்ரியில் தனியாக இருக்கிறார், அம்மா இல்லை. நல்லது என்று நினைத்து நான்தான் அவரை வேரியபிளில் போட்டேன், தேவையில்லாமல் கம்பெனியிடம் பணம் கிடக்க வேண்டாம் என்று. டிசம்பர் பில் 204 பவுண்ட் வந்தது. அவருக்கு அந்த எண்ணிக்கை மட்டும்தான் தெரிந்தது, ஜூலையில் 60 கட்டியது நினைவில்லை. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன், வீட்டுக்குள்ளே கோட், தலைக்குக் குல்லா, மடியில் போர்வை. சமையலறை ஜன்னலின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் வழிந்து, கீழ் விளிம்பில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. கேஸ், கரண்ட் காட்டும் அந்தச் சின்னத் திரையை டீவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். விளக்கு சிவப்பானால் எழுந்துபோய் ஹீட்டிங்கை அணைப்பாராம். ஹாலில் தெர்மாமீட்டர் 13 காட்டியது. வயதானவர்களுக்குக் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

அன்று மாலையே போன் போட்டு ஃபிக்ஸ்டுக்கு மாற்றினேன். மாதம் 118. "அப்பா, எவ்வளவு போட்டாலும் 118தான் போகும்" என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அவர் ஹீட்டிங் போட்டார். அந்தத் திரையை அலமாரியில் வைத்துவிட்டேன். ரீடிங்கை மாதாமாதம் நான் பார்க்கிறேன். குளிர்கால எரிபொருள் உதவித்தொகை 200 பவுண்ட் வந்தது, வருமானம் குறைந்த பெரியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் இருப்பதால் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்ற பில் தள்ளுபடி 150-ம் கணக்கில் ஏறியது. இரண்டும் வருகிறதா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பார்த்துவிடுங்கள்.

வயதானவர்கள் உள்ள வீட்டில் வேரியபிள் வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. பில்லைப் பார்த்து அவர்கள் குறைப்பது டிரையரை அல்ல, சூட்டை.

லெஸ்டர் அக்கா · பிற்பகல் 2:20

வாசித்துவிட்டு மனம் கனத்துப்போனது தங்கச்சி. நீர் சொல்வது சரி. என் மாமியாருக்கும் நான் ஃபிக்ஸ்ட்தான் வைத்திருக்கிறேன். இங்கே எழுதும்போது அதை யோசிக்கவில்லை.

ரெட்டை ஷிஃப்ட் · பிற்பகல் 3:00

அப்பா நலமாக இருக்கட்டும் அக்கா. பிரயாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டரில் (கூடுதல் உதவி தேவைப்படுபவர்களுக்கான பட்டியல்) அவர் பெயரைப் பதிந்துவிடுங்கள், காசு இல்லை. கரண்ட் வெட்டு வருவதானால் முன்கூட்டியே சொல்வார்கள், மீட்டர் ரீடிங் எடுக்கவும் உதவுவார்கள். எங்கள் ஹோமில் இருந்து வீடு திரும்பும் பெரியவர்களுக்கு நாங்களே பதிந்துகொடுக்கிறோம்.

ஹேரோ குடும்பஸ்தன் · மறுநாள் இரவு 9:05

பேசி முடித்துவிட்டேன். நடந்ததை முழுதாக எழுதுகிறேன், இன்னொருவருக்குப் பயன்படும்.

கேஸ் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே, வாக்குவம் கிளீனருக்கும் பிள்ளைகளின் பழைய புஷ்சேருக்கும் பின்னால் இருந்தது. டார்ச் அடித்து போட்டோ எடுத்தேன். கன மீட்டர்தான். அவர்கள் மதிப்பிட்டதைவிட 96 குறைவாக இருந்தது. ஹெட்செட் அண்ணா சொன்ன கணக்கில் போட்டால் 1,077 யூனிட், 6.29 பென்ஸ் வீதம் கிட்டத்தட்ட 68 பவுண்ட். எரிக்காத கேஸுக்கு!

போனில் 35 நிமிடம் காத்திருந்தேன். எடுத்த பெண் நன்றாகவே பேசினாள். "என் வருடப் பயன்பாடு எத்தனை யூனிட், எந்த ரீடிங்கிலிருந்து?" என்று கேட்டதும் கொஞ்சம் நிறுத்தி, பார்த்துவிட்டு, "இது முந்தைய குடியிருப்பாளர்களின் அளவு" என்றாள். அப்படியே நீங்கள் சொன்னதுதான். பில்லைத் திருத்தியபின் பாக்கி 241 போய் 173 ஆனது. வருடத்துக்கு 1,700 என்று புதிதாகக் கணித்து, பாக்கியையும் சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 156 போட்டார்கள். கேஸ் மீட்டரின் தொடர்பைச் சரிசெய்ய ஆள் அனுப்புவார்கள், அதுவரை ரீடிங்கை நானே கொடுக்க வேண்டும்.

86 கூடும் என்று இருந்தது 28 ஆகிவிட்டது. அதை எப்படியும் சமாளித்துவிடலாம்.

வேரியபிளா ஃபிக்ஸ்டா என்று நானும் மனைவியும் நேற்று உட்கார்ந்து பேசினோம். எனக்கு மாதச் சம்பளம், அவளுக்கு வாரம் மூன்று நாள் வேலை. கையில் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை, வீட்டு டெபாசிட்டில் போய்விட்டது. பிப்ரவரியில் பாக்கியோடு வேரியபிளுக்குப் போனால் 173-ஐயும் சேர்த்து உடனே கட்டச் சொல்லலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். அதனால் இந்தக் கோடை முழுக்க ஃபிக்ஸ்டிலேயே இருக்கிறோம். செப்டம்பரில் பாக்கி தீர்ந்து, வங்கியிலும் இரண்டு குளிர்கால பில் அளவுக்குப் பணம் சேர்ந்திருந்தால், அக்கா சொன்ன பெட்டி முறையில் வேரியபிளை யோசிப்போம். மனைவிக்கு இதில் பாதிச் சம்மதம்தான். அந்த போட்டோவை ஃபிரிஜ்ஜில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் எழுதிவிட்டாள்.

இல்ஃபோர்ட் கணக்கர் · இரவு 9:30

நல்ல முடிவு. 156-இல் பாக்கிக்கு உரிய பங்கு 14 பவுண்ட் சொச்சம். பாக்கி தீர்ந்ததும் அதைக் குறைக்கச் சொல்லுங்கள், அவர்களாகக் குறைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ஹெட்செட் · இரவு 9:50

விலை மாறும் நாளுக்கு முந்தைய இரவும் ரீடிங் கொடுங்கள். அடுத்தது மார்ச் 31. இல்லாவிட்டால் பழைய விலையில் ஓடிய யூனிட்டில் கொஞ்சம் புதிய விலைக்குப் போய்விடும், அல்லது அங்கிருந்து இங்கே வரும்.

ஹேரோ குடும்பஸ்தன் · இரவு 9:58

போனில் அலாரம் வைத்துவிட்டேன். மார்ச் 31, இரவு 9 மணி. கேஸ், கரண்ட் இரண்டும்.